புதுச்சேரியில் ஒரு தனிப் பியானோ கச்சேரி: ஸ்கார்லாட்டி முதல் மோட்ஸார்ட் வரை வாசிப்பதற்கான வழிகாட்டி

தேர்வுக்காக நான்கைந்து உருப்படிகளை மெருகேற்றி வாசிப்பது வேறு. ஒரு மணி நேரம் தனியாக மேடையில் அமர்ந்து அவையைத் தன்னோடு அழைத்துச் செல்வது வேறு. எட்டாம் கிரேடு முடித்த மாணவர்களும் வீட்டில் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கும் ஆசிரியர்களும் இரண்டாவதற்கு ஆசைப்படும்போது, பரோக், கிளாசிக்கல் காலத்து இசையை முதலில் நாடுவது இயல்பு. அது சரியான தேர்வும் கூட. அந்த இசையில் கைவேகத்தைக் காட்டி ஒப்பேற்ற முடியாது என்பதும், சிறிய அறையிலும் அது முழுமையாகக் கேட்கும் என்பதும் அதற்குக் காரணங்கள்.

தயாரிப்பில் இறங்குமுன் ஒன்றை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். நீங்கள் வாசிக்கப்போகும் இசையில் எதுவும் நீங்கள் வாசிக்கப்போகும் கருவிக்காக எழுதப்பட்டதன்று. பாக், ஹாண்டல், டொமெனிகோ ஸ்கார்லாட்டி ஆகிய மூவரும் 1685-இல் பிறந்தவர்கள். அவர்களுடைய கைகள் பழகியது பெரும்பாலும் இறகு முள்ளால் தந்தியைச் சுண்டும் ஹார்ப்சிகார்டிலும், மெல்லிய ஓசையுடைய கிளாவிகார்டிலும்தான். ஃபுளோரன்ஸில் கிறிஸ்டோஃபோரி 1700-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பியானோவைக் கண்டுபிடித்திருந்தாலும், அதன் சுத்தியல்கள் சிறியவை, சட்டம் மரத்தாலானது. மோட்ஸார்ட் வாசித்த வியன்னா பியானோவில்கூட ஐந்து ஸ்தாயிகள்தான் இருந்தன. இன்றைய பியானோவுக்கு 88 கட்டைகள், வார்ப்பிரும்புச் சட்டம், கம்பளிச் சுத்தியல், நீண்டு ஒலிக்கும் கனத்த மந்தர ஸ்தாயி. இந்த வேறுபாட்டை மறக்காமல் இருப்பவருக்கு, உருப்படிகளின் தேர்வு, விரல்களின் தொடுகை, பெடல், அறையில் பியானோவின் இடம் என ஒவ்வொரு முடிவையும் எடுப்பது எளிதாகிறது.

உருப்படிகளைத் தேர்ந்தெடுத்தல்

முதல் கச்சேரிக்கு இடைவேளை இல்லாமல் ஒரு மணி நேரம் போதும். அதற்கு மேல் நீட்டினால் வாசிப்பவரின் கவனம்தான் முதலில் தளரும். பாக்கின் கோல்ட்பெர்க் மாறுபாடுகளை வாசிக்கும் ஆவல் பலருக்கு உண்டு; ஆனால் 1741-இல் வெளிவந்த அந்தப் படைப்பு இரண்டு கட்டை வரிசைகள் கொண்ட ஹார்ப்சிகார்டுக்கு எழுதப்பட்டது. அதன் 30 மாறுபாடுகளில் பலவற்றில் ஒரே வரிசையில் இரு கைகளும் ஒன்றன்மேல் ஒன்றாக மோதிக்கொள்ளும். அதைப் பின்னாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நான் பரிந்துரைக்கும் வரிசை இது (கே., பி.டபிள்யூ.வி., ஹோபோக்கன் என்பவை அந்தந்த இசையமைப்பாளரின் படைப்புப் பட்டியல் எண்கள்). தொடக்கத்தில் ஸ்கார்லாட்டியின் இரண்டு சொனாட்டாக்கள், கே. 208, கே. 209, இரண்டும் ஏ மேஜரில் அமைந்தவை, முதலாவது மெதுவாகப் பாடுவது, அடுத்தது துள்ளிச் செல்வது. அதன்பின் பாக்கின் ஐந்தாம் ஃபிரெஞ்சு சூட் (நடனங்களின் தொகுப்பு), பி.டபிள்யூ.வி. 816, ஜி மேஜர். மூன்றாவதாக ஹைடனின் ஈ மைனர் சொனாட்டா, ஹோபோக்கன் 16:34. நிறைவாக மோட்ஸார்ட்டின் சி மேஜர் சொனாட்டா, கே. 330. எல்லாம் சேர்ந்து, மறுவாசிப்புகளில் எவற்றை எடுத்துக்கொள்கிறீர்கள் என்பதைப் பொறுத்து, ஐம்பது நிமிடங்களுக்கும் ஒரு மணி நேரத்துக்கும் இடையில் அமையும்.

இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. கை இன்னும் சூடேறாத முதல் நிமிடங்களில் ஒரே கருப்பொருளைக் குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துச்செல்லும் வேகமான ஃபியூக் ஒன்றைத் தொடங்குவது தேவையற்ற துணிச்சல். கே. 208 போன்ற மெல்லிய உருப்படி, அறையின் ஒலியைக் கேட்டுப் பழகவும் கட்டைகளின் எடையை உணரவும் நேரம் தருகிறது. பாக்கின் ஜி மேஜர் முடிந்ததும் அதன் உறவுச் சுருதியான ஈ மைனரில் ஹைடன் தொடங்கும்போது, கேட்பவரின் காது தடுமாறாமல் அடுத்த உலகத்துக்குள் நுழைகிறது. ஹைடனின் மெதுவான நடுப்பகுதியான அடாஜியோ மீண்டும் ஜி மேஜருக்கே வந்து, முழுமையாக முடியாமல் நேராக இறுதிப் பகுதிக்குள் இறங்குகிறது. அந்த இடத்தில் கையை எடுத்து மடியில் வைத்துவிடாதீர்கள், அவையோர் கைதட்டிவிடுவார்கள்.

ஹைடன் கடினமாகப்பட்டால், அதன் இடத்தில் பீத்தோவனின் ஓபஸ் 49, இரண்டாம் எண் சொனாட்டாவை வைக்கலாம். இரண்டே பகுதிகள் கொண்ட ஜி மேஜர் சொனாட்டா அது. எளிமையானது என்பதற்காக அதைத் தாழ்வாக நினைக்க வேண்டியதில்லை. கையெட்டாத சொனாட்டாவை அரைகுறையாக வாசிப்பதைவிட, எட்டியதை நன்றாக வாசிப்பதையே அவை மதிக்கும்.

பதிப்பையும் இந்தக் கட்டத்திலேயே முடிவுசெய்துவிட வேண்டும். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பழைய பதிப்புகள் பலவற்றில், பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பதிப்பாசிரியர்கள் தம் காலத்து ரசனைப்படி சேர்த்த வளைகோடுகளும் பெடல் குறிகளும் ஒலி அளவுக் குறிகளும் மண்டிக்கிடக்கின்றன. எது பாக் எழுதியது, எது பின்னால் வந்தவர் சேர்த்தது என்று பிரித்தறிய மாணவரால் இயலாது. ஹென்லே, பேரன்ரைட்டர், வீனர் ஊர்டெக்ஸ்ட் போன்ற மூலபாடப் பதிப்பு ஒன்றை வாங்கிவிடுங்கள். விலை கூடுதல்தான், ஆனால் வாழ்நாள் முழுவதும் உடன்வரும்.

தொடுகையும் குரல்களும்

தயாரிப்பின் பெரும்பகுதி நேரத்தை இங்கேதான் செலவிட வேண்டும். ஹார்ப்சிகார்டில் கட்டையை மெதுவாக அழுத்தினாலும் ஓங்கி அழுத்தினாலும் ஒலியின் அளவு ஏறக்குறைய மாறாது. ஆகவே அந்தக் காலத்து வாசிப்பவர்கள் ஒரு ஸ்வரத்தை முக்கியமாக்க, அதைச் சற்று நீட்டினார்கள், அல்லது அதற்கு முந்தைய ஸ்வரத்தைச் சற்று முன்னதாகவே விட்டுச் சிறிய மௌனம் ஏற்படுத்தினார்கள். பியானோவில் வாசிக்கும் நமக்கு அழுத்தம் என்ற வசதி கூடுதலாகக் கிடைத்திருக்கிறது; அதை நம்பி அந்த மௌனத்தைக் கைவிட்டுவிட்டால் பாக் குழைந்துபோய்விடுவார். அடுத்தடுத்த ஸ்வரங்களில் படிப்படியாகச் செல்லும் இடங்களை இணைத்தும், தாவிச் செல்லும் இடங்களைச் சற்றுப் பிரித்தும் வாசிப்பது நல்ல தொடக்க விதி. பிறகு ஒவ்வொரு நடனத்தின் தன்மைக்கேற்ப அதை மாற்றிக்கொள்ளலாம்: கவோத்தில் பிரிப்பு கூடும், அல்மாந்தில் குறையும்.

1723-இல் இன்வென்ஷன்கள் என்ற தம் பயிற்சி உருப்படிகளுக்கு எழுதிய முன்னுரையில், இரண்டு குரல்களையும் (ஒரே நேரத்தில் ஓடும் தனித்தனி இசை வரிகள்) மூன்று குரல்களையும் தெளிவாக வாசிக்கக் கற்பதோடு பாடும் பாங்கில் வாசிக்கும் முறையையும் அடைய வேண்டும் என்று பாக் குறிப்பிடுகிறார். பாட்டோடு வளர்ந்த நம் ஊர் மாணவருக்கு இது பெரும் வாய்ப்பு. இடது கையை மட்டும் வாசித்துக்கொண்டு மேல்குரலை வாய்விட்டுப் பாடுங்கள். பிறகு மேல்குரலை வாசித்துக் கீழ்க்குரலைப் பாடுங்கள். ஐந்தாம் சூட்டின் கடைசி நடனமான ஜீக்கில் ஒரே கருப்பொருள் ஒவ்வொரு குரலாக நுழைகிறது; இரண்டாம் பாதியில் அதே கருப்பொருள் தலைகீழாகத் திரும்பி வருகிறது. இதைப் பாடிப் பழகாதவர் வேகத்தில் அதைத் தொலைத்துவிடுவார், வேகம் மட்டுமே மிஞ்சும்.

அலங்காரங்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அவற்றில்தான் மாணவர்கள் மிகவும் தயங்குகிறார்கள். கமகம் இல்லாத ராகத்தை நாம் ஏற்றுக்கொள்ளாதது போலவே, பக்கத்து ஸ்வரத்தோடு விரைந்து அசையும் டிரில்களும் மோர்டன்ட்களும் இல்லாத சாரபாந்தை அந்தக் காலத்தவர் ஏற்றுக்கொண்டிருக்க மாட்டார்கள். பாக் தம் மூத்த மகன் வில்ஹெல்ம் ஃபிரீடமானுக்காக 1720-இல் தொடங்கிய பயிற்சி நோட்டில், குறிகளையும் அவற்றை வாசிக்கும் விதத்தையும் ஒரு சிறிய அட்டவணையாக எழுதிக்கொடுத்தார். முதலில் அதை நகலெடுத்துப் பியானோவின் மேல் வைத்துக்கொள்ளுங்கள். ஜி மேஜர் சாரபாந்தில் பி என்ற ஸ்வரத்தின் மேல் டிரில் குறி இருந்தால், அது பி-யில் தொடங்காது. மேல் ஸ்வரமான சி-யில், தட்டு விழும் அதே கணத்தில், இடது கையின் ஸ்வரத்தோடு சேர்ந்து தொடங்கி, சி-பி-சி-பி என்று அசைந்து பி-யில் நிற்கும். அந்த முதல் சி கீழ்க்குரலோடு சிறிது உரசும். அந்த உரசலும் அதன் தணிவும்தான் டிரிலின் பயன். எத்தனை அசைவுகள் என்பதைப் பாட்டின் வேகம் தீர்மானிக்கும்: மெதுவான இடத்தில் தொடக்கம் நிதானமாகவும் பின்னர் விரைந்தும் அசையலாம், வேகமான கவோத்தில் நான்கு ஸ்வரங்களே போதும்.

பயிற்சி செய்யும் முறை இதுதான். முதல் வாரம் அலங்காரம் எதுவுமின்றி சாரபாந்தை வாசித்து, அதன் எலும்புக்கூடு தெளிவான பின், ஒவ்வொரு டிரிலையும் தனியே எடுத்து, அதற்கு முந்தைய ஸ்வரத்திலிருந்து பிந்தைய ஸ்வரம் வரை மட்டும் வாசியுங்கள். விரலமைப்பைப் பென்சிலால் குறித்துவிடுங்கள். பலருக்கு இரண்டாம் விரலும் மூன்றாம் விரலும் இணைவதைவிட ஒன்றும் மூன்றும், அல்லது இரண்டும் நான்கும் தளர்வாக அசையும். ஒவ்வொரு பாதியையும் மறுமுறை வாசிக்கும்போது ஓரிரு அலங்காரங்களைக் கூடுதலாகச் சேர்ப்பது அந்தக் காலத்து வழக்கம். ஆனால் கச்சேரியில் அந்த நேரத்துக் கற்பனையை நம்ப வேண்டாம். எவற்றைச் சேர்க்கப்போகிறீர்கள் என்பதை முன்கூட்டியே எழுதிவைத்து, தயாரித்து வாசியுங்கள்.

மோட்ஸார்ட்டிலும் ஹைடனிலும் சிக்கல் வேறு. சி மேஜர் சொனாட்டா கே. 545-இன் தொடக்கத்தில் பார்ப்பது போல, இடது கை ஒரு கூட்டு ஒலியின் ஸ்வரங்களை உடைத்து உடைத்து ஓடும் அமைப்பு இக்காலத்து இசையில் எங்கும் நிறைந்திருக்கிறது. வியன்னா பியானோவில் அது தெளிவாகவும் மெல்லியதாகவும் கேட்டது. நம் பியானோவின் மந்தர ஸ்தாயியில் அதே ஸ்வரங்கள் திரண்டு மேல்குரலை விழுங்கிவிடும். ஆகவே இடது கையில் ஒவ்வொரு தொகுதியின் முதல் ஸ்வரத்தை மட்டும் ஊன்றி, மற்றவற்றைக் கட்டையின் மேற்பரப்பை விட்டு அதிகம் எழும்பாத விரல்களால் வாசியுங்கள். கட்டைவிரல்தான் பெரும்பாலும் குற்றவாளி. அதைத் தனியே கவனியுங்கள். தாளத்தைப் பொறுத்தவரை மோட்ஸார்ட்டே வழி சொல்லியிருக்கிறார். 1777 அக்டோபரில் ஆக்ஸ்பர்க்கிலிருந்து தந்தைக்கு எழுதிய கடிதத்தில், மெதுவான பகுதியில் வலது கை நேரத்தை நெகிழ்த்தும்போதும் தம் இடது கை அதை அறியாமல் தாளத்திலேயே நிற்பதைக் கண்டு மற்றவர்கள் வியந்ததாக அவர் எழுதினார். இடது கை தாளம், வலது கை பாட்டு: கே. 330-இன் நடுப்பகுதியான ஆண்டாந்தே கான்டாபிலேயை இவ்வாறு பிரித்துப் பழகினால் அதற்கு மேல் அதிக விளக்கம் தேவைப்படாது.

பெடல் பற்றி ஒரு பத்தி போதும். முதலில் எல்லாவற்றையும் பெடல் இல்லாமல் வாசிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். விரல்களால் இணைக்க முடியாத இடத்தில் மட்டும் பின்னர் காலை வையுங்கள். மோட்ஸார்ட்டின் காலத்துப் பியானோவில் முழங்காலால் உயர்த்தும் நெம்புகோல் இருந்தது. ஸ்டைன் செய்த கருவிகளில் அது எவ்வளவு நுட்பமாக இயங்குகிறது என்று அதே பயணத்தில் எழுதிய கடிதத்தில் அவர் புகழ்ந்திருக்கிறார். ஆகவே அவருடைய இசையில் பெடல் தடைசெய்யப்பட்டதன்று. சிறிதளவு போதும், அவ்வளவே.

இடம், கருவி, கடற்காற்று

புதுச்சேரியில் மேற்கத்திய இசைக்கு இடம் தேடுபவர் முதலில் அலியான்ஸ் ஃபிரான்சேஸின் மேசோன் கொலொம்பானியையும், ஆரோவில்லில் பாரத் நிவாஸ் வளாகத்தின் அரங்கத்தையும், அங்கேயே கலாபூமியிலுள்ள கிரிப்பா அரங்கத்தையும் நினைப்பது வழக்கம். இவை தவிர, பழைய வீடுகளும் இந்த இசைக்கு ஏற்றவை; அரண்மனைக் கூடங்களிலும் வீட்டு அறைகளிலும் கேட்கப்பட்ட இசைதானே இது. ஆனால் இரண்டு வகை வீடுகளும் இரண்டு விதமாக ஒலிக்கும். பிரெஞ்சுப் பகுதி வீட்டின் உயர்ந்த கூரையும் சுண்ணாம்புச் சுவரும் வழவழப்பான தரையும் ஒலியைத் திருப்பித் திருப்பி அனுப்பும். அங்கே பெடலை இன்னும் குறைத்து, வேகத்தையும் சற்றுக் குறைத்து, தரையில் தடித்த ஜமுக்காளம் விரிக்க வேண்டும். தமிழ்ப் பகுதியின் முற்றம் வைத்த வீட்டிலோ ஒலி மேலே எழும்பி வானத்துக்குப் போய்விடும். பியானோவை முற்றத்தின் நடுவில் வைக்காமல், பின்னால் சுவர் இருக்கும்படி தாழ்வாரத்தில் வைத்து, மூடியை முழுவதும் திறந்துவிட வேண்டும். அவையோர் வந்து அமர்ந்ததும் எந்த அறையும் எதிரொலி குறைந்து மந்தமாகும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

கடலூரில் பள்ளி அரங்கிலோ தேவாலய மண்டபத்திலோ வாசிப்பதானால், டிஜிட்டல் பியானோவை எடுத்துச்செல்ல நேரலாம். எடையுள்ள 88 கட்டைகள் கொண்டதாக அது இருக்கட்டும். ஒலிபெருக்கியை அவையை நோக்கித் தொலைவில் வைக்காமல், உங்களுக்கு அருகில் சற்றுப் பின்னால் வைத்தால்தான் நீங்கள் கேட்பதையே அவர்களும் கேட்பார்கள்.

அகூஸ்டிக் பியானோவுக்குக் கடற்கரை ஊர் கடினமான இருப்பிடம். ஏறக்குறைய 230 தந்திகளை உப்புக்காற்று துருப்பிடிக்க வைக்கும். ஈரப்பதத்தில் மரம் ஊதி, அழுத்திய கட்டை மேலெழாமல் நிற்கும். ஒலிப்பலகை விரிந்து சுருதி ஏறும், காய்ந்தால் இறங்கும். ஏசி இருக்கும் அரங்கில் கச்சேரிக்கு அரை மணி நேரம் முன்பு மட்டும் ஏசியை ஓடவிடுவது எல்லாவற்றிலும் கெட்ட வழக்கம், ஏனெனில் மோட்ஸார்ட்டுக்கு வரும்போது சுருதி நகர்ந்திருக்கும். முந்தின நாளிலிருந்தே ஒரே அளவில் ஓடவிடுங்கள். அது முடியாவிட்டால், ஏசியே இல்லாமல், அந்த ஊர்க்காற்றிலேயே டியூனிங் செய்து அதிலேயே வாசித்துவிடுங்கள்.

டியூனர் பெரும்பாலும் சென்னையிலிருந்துதான் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக வர வேண்டியிருக்கும்; ஆகவே தேதி முடிவானதுமே அவரிடம் பேசிவிட வேண்டும். கச்சேரி நாள் காலையில் அவர் வேலையை முடித்ததும், அவர் கிளம்புவதற்கு முன், நீங்கள் அமர்ந்து ஒவ்வொரு கட்டையையும் மெதுவாக, மிக மெல்லிய ஒலியில், கீழிருந்து மேல்வரை அழுத்திப் பாருங்கள். உரக்க வாசிக்கும்போது மறைந்துகொள்ளும் குறைகள் அப்போதுதான் தெரியும்: ஒரு கட்டை தாமதமாக எழும், ஒன்றில் தந்தியின் ஒலியை அடக்கும் டாம்பர் முழுமையாகப் படியாமல் ஒலி கசியும், பெடலை விடும்போது முனகல் கேட்கும். அவர் அருகில் இருக்கையில் இவை சில நிமிட வேலை. அவர் மரக்காணம் தாண்டியபின் ஒன்றும் செய்ய முடியாது.

தேதியைப் பொறுத்தவரை அக்டோபர் முதல் டிசம்பர் வரை தவிர்க்கவே சொல்வேன். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலும், 2024 நவம்பர் 30 அன்று ஃபெங்கல் புயலும் இந்தக் கரையில்தான் கடந்தன. புயல் இல்லாவிட்டாலும் வடகிழக்குப் பருவமழையின் ஈரம் பியானோவுக்கு ஆகாது. ஜனவரி பிற்பகுதியிலிருந்து மார்ச் வரை சிறந்த காலம். ஆனால் மாசி மகத்தன்று வைத்திக்குப்பம் பக்கம் கூட்டமும் ஒலிபெருக்கியும் நிறைந்திருக்கும். அந்த நாளை விட்டுவிடுங்கள்.

கடைசி மாதமும் கச்சேரி மாலையும்

உருப்படிகள் கைக்கு வந்தபின் ஒரு மாதமாவது முழு வரிசையையும் இடைநில்லாமல் வாசித்துப் பழக வேண்டும். வீட்டாருக்கும் பிறகு சில நண்பர்களுக்கும் என்று சிறிய அவைகளுக்கு முன்னால் வாசிப்பதற்கு ஈடான தயாரிப்பு வேறில்லை. ஸ்கோரைப் பார்த்து வாசிப்பது குறைவன்று என்பது என் உறுதியான கருத்து. மனப்பாடமாக வாசிக்க விரும்பினால், ஒவ்வொரு உருப்படியிலும் சில இடங்களைக் குறித்துக்கொண்டு, எந்த இடத்திலிருந்தும் தொடங்கப் பழகுங்கள். இடது கையைத் தனியே நினைவிலிருந்து வாசிக்க முடிகிறதா என்று பாருங்கள். மேடையில் முதலில் மறப்பது அதுதான். ஸ்கோர் வைத்திருந்தால், மின்விசிறிக் காற்றில் தாள் பறக்காமல் இருக்கக் கிளிப் வேண்டும்.

நிகழ்ச்சித் தாளைத் தமிழில் அச்சிடுங்கள். உருப்படிகளின் பெயர்களோடு, ஒவ்வொன்றுக்கும் எத்தனை பகுதிகள் என்று போட்டு, பகுதிகளுக்கு இடையே அல்லாமல் உருப்படியின் முடிவில் கைதட்டலாம் என்று ஒரு வரி சேர்த்தால், புதிதாக வருபவர் சங்கடப்பட மாட்டார். யாராவது நடுவில் தட்டிவிட்டாலோ, நல்ல இடத்தில் 'ஆகா' என்றாலோ முகம் சுளிக்க வேண்டாம்; நம் கச்சேரிகளில் ரசிகர் அப்படித்தான் பேசுவார்.

தொடங்குமுன் இரண்டு நிமிடம் தமிழில் பேசலாம். இந்த ஊருக்கு ஒரு நல்ல செய்தி கையில் இருக்கிறது. ஆனந்தரங்கப் பிள்ளை இதே புதுச்சேரியில் 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். அவர் எழுதிக்கொண்டிருந்த ஆண்டுகளில்தான் ஸ்கார்லாட்டி 1738-இல் தம் முதல் முப்பது சொனாட்டாக்களை வெளியிட்டார். 1750-இல் பாக் மறைந்தார். 1756-இல் மோட்ஸார்ட் பிறந்தார். இதைச் சொன்னால், பிள்ளையின் வீட்டைத் தெருவில் கடந்து சென்றவர்களுக்கு அந்தக் காலம் எட்டாத தொலைவாகத் தோன்றாது.

மேடையில் அமர்ந்ததும் இருக்கையின் உயரத்தைச் சரிசெய்து, வாசிக்கப்போகும் உருப்படியின் முதல் சில அடிகளை உரிய வேகத்தில் மனத்துக்குள் பாடிய பிறகே கையை வையுங்கள். பதற்றத்தில் எல்லோரும் வேகமாகவே தொடங்குவார்கள், அதைத் தடுக்க இதைவிட எளிய வழி இல்லை. தவறு நேர்ந்தால் திரும்பிப் போகாமல் தாளத்தைப் பிடித்துக்கொண்டு முன்னே செல்லுங்கள். அவையோர் மீண்டும் கேட்டால், பாக்கின் 'வெல்-டெம்பர்ட் கிளாவியர்' முதல் தொகுப்பிலுள்ள சி மேஜர் பிரெலூட், பி.டபிள்யூ.வி. 846, போதும், இரண்டு நிமிடத்துக்குள் முடியும், கைக்கும் பாரமில்லை. அதையும் கச்சேரி உருப்படிகளோடு சேர்த்தே தயாரித்து வைத்திருங்கள். மறுநாள் காலையில், அலங்காரங்களில் எவை நின்றன, எந்த இடங்களில் இடது கை கனத்தது என்பவற்றை ஸ்கோரிலேயே பென்சிலால் குறித்துவிட்டால், அடுத்த ஊரில் அதே வரிசையை வாசிக்கும்போது வேலை பாதியாகக் குறையும்.